பூமயிலுக்குக் கோடி

சட்டைப் பையை அத்தனை தடவை தொட்டுப் பார்க்காதீர்கள் அண்ணே. பாஸ்போர்ட் அங்கேதான் இருக்கிறது. கீரனூரில் நீங்கள் பஸ் ஏறினதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், நிமிஷத்துக்கு ஒரு தரம் மாரைத் தடவுகிறீர்கள். பிக்பாக்கெட்காரனுக்கு நீங்களே இடம் காட்டிக் கொடுத்துவிடுவீர்கள் போல. ஏர்போர்ட்தானே? மாத்தூர் தாண்டியதும் வந்துவிடும். நான் மாத்தூரில் இறங்குகிறவன். முதல் தடவையா? தனியாகவா?

அதுதானே பார்த்தேன். முகத்திலேயே தெரிகிறது. நானும் இப்படித்தான் போனேன், மலேசியாவுக்கு. ஒரே ஒரு தடவை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் பயப்படாமல் இருங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்துவிட்டு வந்து, இன்றைக்கு வரைக்கும் ஊரே என்னைக் கரித்துக் கொட்டுகிறது. வீட்டில் இளஞ்சியம், என் சம்சாரம், சோற்றைத் தட்டில் வைப்பதோடு சரி, முகம் பார்ப்பதில்லை. நீங்கள் மூன்றாம் மனிதர். கேட்டுவிட்டு நியாயத்தைச் சொல்லுங்கள்.

என் பெயர் வைரக்கண்ணு. மாத்தூரில் எடைமேடையில் ராத்திரி வேலை. லாரி மேடையில் ஏறும், எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன், லாரி இறங்கிப் போய்விடும். அப்புறம் நானும் இருட்டும்தான். பாம்பு வரும், குடிகாரன் வருவான், ஒரு தடவை கத்தியோடு ஒருத்தன் வந்தான். எதற்கும் நான் அசைந்ததில்லை. தரையில் நிற்கிற எதற்கும் எனக்குப் பயம் கிடையாது அண்ணே. ஆகாசம் வேறு.

எனக்கு ஒரே தங்கை, பூமயில். கிள்ளானில் கட்டிக் கொடுத்தோம். மச்சான் ராசப்பன் தங்கமான மனிதர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பூமயில் என்னை எத்தனையோ தரம் கூப்பிட்டாள். வீடு கட்டினாள், கூப்பிட்டாள். மகளுக்குக் கல்யாணம், கூப்பிட்டாள். பாஸ்போர்ட்கூட அவள் நச்சரித்துத்தான் எடுத்தேன். எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிளேன் என்றாலே எனக்குப் பயம். அவளும் புரிந்துகொண்டாள். "பரவாயில்லண்ணே, ஒனக்குப் பயம்னு சொல்லிக்கிறேன்" என்பாள்.

போன சித்திரையில் மச்சான் திடீரென்று போய்விட்டார். நெஞ்சு வலி.

உங்கள் பக்கத்தில் எப்படியோ தெரியாது, எங்களில் கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடி போக வேண்டும். புதுச் சேலை அண்ணே, வெள்ளை, கரை இல்லாதது. தாலியை இறக்கும்போது அண்ணனோ தம்பியோ தன் கையால் அவள் மேல் முதலில் அதைப் போட வேண்டும். அது விழுந்த பிறகுதான் மற்றவர்கள் கொண்டு வந்தது. அது விழாமல் தாலியை இறக்கக்கூடாது, பொட்டை அழிக்கக்கூடாது, பூவை எடுக்கக்கூடாது. எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் மாமா வந்து போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். பூமயில் அப்போது சின்னப் பிள்ளை, நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். இழுத்து வெளியே கொண்டுவர முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். எங்கள் குடும்பமே அப்படித்தான்.

மச்சானுடைய அக்கா பாக்கியம் என்று ஒருத்தி, எனக்கு அத்தாச்சி முறை. அவள்தான் டிக்கெட் போட்டு அனுப்பினாள். "நாடு விட்டு நாடு வந்தாலும் மொறைய விட முடியாது வைரக்கண்ணு. ஒன் கைக்கோடி வராம இங்க எதுவும் நடக்காது" என்று ஃபோனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அடைக்கலம் சித்தப்பா, எங்கள் பங்காளியில் மூத்தவர், அவரும் வந்து திண்டுக்கல் பூட்டு மாதிரி வாசலில் உட்கார்ந்துகொண்டார். போகமாட்டேன் என்று சொல்ல முடியுமா? கல்யாணத்துக்குப் போகாதவன், இதற்கும் போகாவிட்டால்?

பூமயில் மட்டும்தான் அண்ணே வேண்டாம் என்றாள். தினம் தினம் ஃபோன் செய்தாள். "நீ வராதண்ணே. ஒனக்குத்தான் பிளேன்னா ஆகாதே. நீ வரலைன்னா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிரு, நான் பாத்துக்குறேன்." புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறவள், என் பயத்தை நினைத்துக் கவலைப்படுகிறாள் பாருங்கள். கடைசி நாள் ஒரே வார்த்தைதான். "வராதண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்படி ஒரு பாசம்.

சரி, கிளம்பியாகிவிட்டது. இளஞ்சியம் கோடிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒரு பொட்டலம் மஞ்சள் தூளும் உள்ளே வைத்து, மஞ்சப்பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். "கீழ வைக்காதீங்க. காலு படாம கொண்டு போங்க." அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

ஏர்போர்ட்டில் முதலில் பெட்டியை எடை போட்டார்கள். அதில் எனக்கு ஒரு நிம்மதி. நம் தொழில்தானே என்று எட்டி முள்ளைப் பார்க்கிறேன், முள் இல்லை, நம்பர்தான். எடை போட்டு, சீட்டு ஒட்டி, பெட்டியை அனுப்பிவிட்டு, "நீங்க போகலாம் சார்" என்கிறான். நான் நிற்கிறேன்.

"என்ன சார்?"

"என்னைய இன்னும் எடை போடலையே தம்பி."

அவன் சிரித்துவிட்டான். ஆளையெல்லாம் எடை போடுவதில்லையாம். எனக்கு அங்கேயே சந்தேகம் பிடித்தது அண்ணே. சரக்கை எடை போடுகிறாய், ஆளை விட்டுவிடுகிறாய், அப்புறம் மொத்த லோடு என்னவென்று உனக்கு எப்படித் தெரியும்? என் பின்னால் நிற்கிறவர் அரிசி மூட்டை மாதிரி இருக்கிறார். அவரும் ஏறுகிறார், நானும் ஏறுகிறேன், இரண்டும் ஒன்றா? ஒரு பக்கம் லோடு சாய்ந்து புதுக்கோட்டை ரோட்டில் எத்தனை லாரி கவிழ்ந்து பார்த்திருக்கிறேன். அது தரை. கவிழ்ந்தால் எழுந்து நிற்கலாம்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இந்தப் பக்கம் யார் யார், அந்தப் பக்கம் யார் யார் என்று பார்த்தேன். ஜன்னலோரம் நான். எங்கள் வரிசையில் எல்லாம் கனமான ஆள்கள். எதிர் வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள், காற்றடித்தால் பறந்துவிடும். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. என்ன செய்வது? நானாவது உள்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மனிதர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நேரா ஒக்காருங்க பெரியவரே, தோள்ல வந்து வுழுறீங்க." நேராக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது ஒரு பணிப்பெண் வந்து பையைக் கேட்டது. மடியில் வைக்கக்கூடாதாம். "இது கீழ வைக்கக்கூடாதும்மா" என்றேன். மேலே வைக்கிறேன் என்று வாங்கி, மேல் அலமாரியில் வைத்து, அதன் மேல் யாரோ ஒருவருடைய செருப்புப் பையையும் வைத்துச் சாத்திவிட்டது. கோடி மேல் செருப்பு. எழுந்து எடுக்கலாம் என்றால் பெல்ட்டு. பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. தெரிந்தாலும் கழற்றியிருக்கமாட்டேன்.

அப்புறம் அது ஓடியது பாருங்கள். பஸ் ஓடுவது ஓர் ஓட்டம், ரயில் ஓடுவது ஓர் ஓட்டம். இது கோபத்தில் ஓடுகிறது. மூக்கைத் தூக்கியதும் என் உயிர் பின்பக்கமாக வழிந்து போவது மாதிரி இருந்தது. காது அடைத்துவிட்டது. ஜன்னலில் பார்த்தால் ரெக்கை ஆடுகிறது. ஆடுகிறது என்றால் லேசாக இல்லை, தென்னமட்டை மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், பெயர் வரவில்லை. என் அப்பன், பாட்டன் எல்லாரும் கும்பிட்ட சாமி, பெயர் மறந்துவிட்டது. பூமயில் பெயர்தான் வாயில் வந்தது. அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு வந்தது, தொடவில்லை. ஒன்றுக்கு வந்தது, போகவில்லை. நான் எழுந்து நடந்தால் லோடு மாறுமே. மற்றவர்கள் சந்தைக்கடை மாதிரி இங்கேயும் அங்கேயும் நடக்கிறார்கள். குண்டாக ஒருவர் எழுந்து அந்தப் பக்கம் போனால் நான் இந்தப் பக்கம் சாய்வேன், அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம். அத்தனை தூரமும் கடல் மேல் அந்தப் பிளேனைச் சாயாமல் கொண்டுபோய் இறக்கியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு அண்ணே, சொன்னால் சிரிப்பீர்கள்.

சிரியுங்கள், பரவாயில்லை.

இறங்கியதும் பெரிய கண்ணாடிக் கட்டடம். எல்லாரும் போகிற பக்கம் போனேன். ஒரு இடத்தில் வரிசை. கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். இரண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். வைத்த பிறகுதான் யோசிக்கிறேன். ரேகை, அண்ணே. நம் பக்கத்தில் ரேகை எங்கே வைப்போம்? பத்திர ஆபீசில். வைத்துவிட்டால் அப்புறம் சொன்ன சொல் மாறக்கூடாது. என் ரேகையும் என் மூஞ்சியும் அந்த அரசாங்கத்திடம் மாட்டிக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நடந்ததற்கு இதுதான் காரணம். வேறு காரணம் கிடையாது.

பெட்டி சுற்றி வருகிற இடத்தில் நின்றேன். கொஞ்ச தூரத்தில் வெளியே போகிற கதவு, தானாகத் திறக்கும், தானாக மூடும். திறந்தபோது பார்த்தேன். பூமயில் நிற்கிறாள். துக்க வீட்டுக்காரி, வெளியே வரலாமா? என்னைப் பார்க்க ஓடி வந்திருக்கிறாள். பக்கத்தில் பாக்கியம் அத்தாச்சி, பூமயிலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. பூமயில் நெற்றியில் இவ்வளவு அகலக் குங்குமம். தலை கொள்ளாத பூ. கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்தாளே, அதற்கப்புறம் நான் நேரில் அவளை அப்படிப் பார்த்ததேயில்லை. ஏன், அவளைப் பார்த்தே எத்தனையோ காலம்.

அவளும் என்னைப் பார்த்தாள். என்னைக்கூட இல்லை, நெஞ்சோடு வைத்திருந்தேனே பை, அதைப் பார்த்தாள். வெளியே வருகிற ஆள்கள் மறைத்தாலும் எட்டி எட்டி அதையே பார்க்கிறாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பிரயாணத்தில் நான் இளைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். கதவு மூடிக்கொண்டது.

பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தால், சீருடை போட்ட ஒரு அம்மா கையைக் காட்டி ஓரமாகக் கூப்பிட்டது. தமிழ்க்காரம்மாதான்.

"ஐயா, ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? ஒடம்பு முடியலையா?"

"இல்லம்மா. மொத தடவைம்மா."

"கையில என்ன அது? அவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

"துணிம்மா."

திறக்கச் சொன்னது. கை நடுங்கியதில் பையின் வாய் திறக்கவில்லை, அந்த அம்மாவே திறந்தது. மஞ்சள் பொட்டலம் உடைந்து அதன் கையெல்லாம் மஞ்சள். மோந்து பார்த்துவிட்டு ஒரு தட்டில் ஒதுக்கி வைத்தது. அப்புறம் சேலையை எடுத்து விரித்தது. அவ்வளவு வெளிச்சத்தில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தியது அண்ணே. நம் வீட்டில் பார்த்தபோது அவ்வளவு வெள்ளையாக இல்லை.

"யாருக்கு ஐயா இது?"

தங்கச்சிக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. யாரோ வெளியே போனார்கள், அந்தக் கதவு மறுபடியும் திறந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கதவு திறந்தது, நான் அந்தப் பக்கம் பார்த்தேன், வாயில் வேறு வந்துவிட்டது.

"எனக்கும்மா. வேட்டி."

"ஒங்களுக்கா? சேலை மாதிரில்ல இருக்கு?"

"வேட்டிதாம்மா."

"இவ்ளோ நீளமா?"

"எங்க பக்கம் ரெட்டையாச் சுத்திக் கட்டுவோம்மா. நான் ஒசரம்மா."

நான் என்ன உயரம், நீங்களே பார்க்கிறீர்கள். நின்றால் இந்தக் கம்பி எட்டாது எனக்கு. பொய் சொல்லிவிட்டேன். ரேகை வைத்த கை காயவில்லை, சீருடை போட்டவரிடம் பொய். ஜெயில்தான் என்று நினைத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தது. நான் பார்த்த கதவைத் திரும்பிப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து என் கையில் வைத்தது.

"சரி ஐயா. ஒங்க வேட்டி. நீங்கதான் கட்டணும். போங்க."

கேட்டீர்களா? நீங்கதான் கட்டணும். அரசாங்க உத்தரவு. அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்?

மறுநாள் விடியக் கருமாதி. வீடு நிறைய ஆள்கள். பூமயிலை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். தலை குனிந்திருக்கிறாள், கழுத்தில் கிடக்கிற தாலியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருக்கிறாள். பாக்கியம் அத்தாச்சி என்னிடம் வந்து, "கோடிய எடு வைரக்கண்ணு" என்றாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வேட்டி என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டேன் அத்தாச்சி, ரேகை வைத்திருக்கிறேன், மாற்றிப் போட்டால் என்னைத் திரும்ப ஊருக்கு விடமாட்டார்கள் என்றேன்.

"என்னாது?"

மறுபடியும் சொன்னேன். அத்தாச்சிக்கு மூச்சு வாங்கியது. "எவன்டா வந்து பாக்கப் போறான் ஒன் வேட்டிய? பைத்தியமாடா ஒனக்கு? எடுடா அத."

"மாட்டேன் அத்தாச்சி. எனக்குப் பயமா இருக்கு."

கூட்டத்தில் ஒருவர், கடைக்குப் போய் வேறு சேலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாமே என்றார். அதற்கு அங்கே இருந்த வயசாளி அம்மா ஒன்று, "அதெப்படி? பொறந்த ஊர்லேர்ந்து அண்ணன் கையால வந்ததுதான மொதல்ல விழணும்? பாக்கியந்தான இத்தன நாளாச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு?" என்றது. எல்லாரும் அத்தாச்சியைப் பார்த்தார்கள். அத்தாச்சியால் மறுக்க முடியுமா? அவள் சொன்ன முறைதானே.

அப்போதுதான் பூமயில் எழுந்தாள். உட்கார வைத்தவள் எழலாமா? எழுந்து நேரே என்னிடம் வந்தாள். "எங்கண்ணே வேட்டி?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்த் தையல் மிஷின் மேலே இருந்த கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அத்தனை பேர் முன்னால் தரையில் சேலையை விரித்து, நீளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரகரவென்று குறுக்கே வெட்டினாள். ஒரு பெண்பிள்ளை "ஐயோ" என்றது. பூமயில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆபீசர்ட்ட வேட்டின்னு சொல்லிருக்காரு. வேட்டியா இருக்க வேணாமா?" என்றாள். வெட்டிய பக்கத்தை மிஷினில் மடித்து அடித்தாள். பெரிய துண்டு வேட்டி, சின்னத் துண்டு தோளுக்கு.

எனக்காகத்தான் அண்ணே. நான் ஜெயிலுக்குப் போய்விடக்கூடாதே என்று. அந்த நிலைமையிலும் என் பொய்யை உண்மையாக்கிக் காப்பாற்றிவிட்டாள். இதோ, நான் கட்டியிருக்கிற வேட்டிதான் அது. மூலையில் பாருங்கள், மஞ்சள் இன்னும் முழுக்கப் போகவில்லை.

வேட்டியைக் கையில் கொடுத்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். அவமானமாக இருந்திருக்கும். பிறந்த வீட்டுக்காரன் வந்தும் கோடி விழாமல் போனது எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? நான் எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் நின்றேன்.

திரும்பி வந்த கதையைச் சொல்லவில்லை, அதுவும் அதே பயம்தான். ஊருக்கு வந்தால் அடைக்கலம் சித்தப்பா கேட்கிறார், "அவள அரையுங் கொறையுமா விட்டுட்டு வந்துருக்கியேடா, அவ இன்னும் பொட்டோட திரியுறாளாமேடா" என்று. ஆமாம், பொட்டு வைக்கிறாளாம். வேலைக்குப் போகிறாளாம். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குத்துவிளக்கு அவள்தான் ஏற்றினாளாம். எல்லாம் என்னால் வந்தது என்கிறார்கள். பயந்தவனை ஒற்றையாக அனுப்பினால் என்ன ஆகும் என்று அனுப்பும்போதே யோசித்திருக்க வேண்டாமா? என் மேல் என்ன தப்பு, சொல்லுங்கள்.

மாத்தூர் வரப் போகிறது. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

முந்தாநாள் பாக்கியம் அத்தாச்சி ஃபோன் செய்தாள். வருஷத் திவசம் வருகிறதாம். அதற்குள் முறையை முடித்துவிட வேண்டுமாம். "புதுசா ஒரு கோடி எடுத்துக்க. தேதியச் சொல்லு, டிக்கெட்டு போடுறேன். இந்தத் தடவ ஆபீசர்ட்ட ஒழுங்காச் சொல்லு" என்கிறாள். அந்தப் பக்கம் பின்னால் பூமயில் குரல் கேட்கிறது, "விட்ருங்க மதினி, அண்ணனுக்குப் பிளேன்னா பயம்" என்று. சொன்ன தொனியில் சிரிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். சிரிப்பாக இருக்காது. அவளுக்கு ஏது சிரிப்பு.

"ஒன்னத்தான்டா கேக்குறேன். வர்றியா, இல்லையா?" என்றாள் அத்தாச்சி.

"போன தடவ வந்த நடுக்கமே இன்னும் நிக்கல அத்தாச்சி" என்றேன். சொல்லும்போதே கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். கை என்னவோ அசையாமல்தான் இருந்தது. உள்ளே நடுங்கிக்கொண்டிருந்திருக்கும்.